மதியம் கதவடைக்கும் ஊரில் ஒரு ஃப்ரேம்வொர்க்

என் மகளும் அவள் சிநேகிதியும் சண்டை போட ஆரம்பித்தால் நான் அடுப்பைத் தணித்துவிடுவேன். குழம்பு கொதிக்கிற சத்தத்தில் பேச்சு கேட்காமல் போய்விடக் கூடாதே. ஒட்டுக்கேட்பது என்று யாரும் சொல்ல வேண்டாம். என் வீடு, என் அடுப்படி, என் காது.

கருவடிக்குப்பத்தில் இந்த வீட்டைக் கட்டும்போது முன்னறையை விருந்தாளிகளுக்கென்று பெரிதாக வைத்தோம். என் வீட்டுக்காரர் போன பிறகு விருந்தாளிகள் குறைந்துவிட்டார்கள். மகள் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, கூடப் படித்தவளைச் சேர்த்துக்கொண்டு, அந்த அறையில் இரண்டு மேஜைகளைப் போட்டாள். வாசலில் பலகை எதுவும் கிடையாது. இன்டர்நெட்டில் ஓடுகிற வேலைகளைச் செய்து கொடுப்பது அவர்கள் தொழில். கடைக்காரர், பள்ளிக்கூடம், ஏற்றுமதி செய்கிறவர் என்று யாராவது வந்து கேட்பார்கள். இவர்கள் கம்ப்யூட்டரில் செய்து கொடுப்பார்கள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். கன்னியர் மடத்துப் பள்ளியில் மூன்றாவது வரை போனேன். அதற்கு மேல் என்னை அனுப்பவில்லை. நானும் அதைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தால் எந்தப் பேச்சும் கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடும்.

சில வருஷங்களுக்கு முன்னால் டவுனில் பழைய வீடுகளை அறை அறையாக வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறவர்கள் ஒன்றுசேர்ந்து இவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பிடித்துக் கொடுத்தவள் என் நாத்தனார். வைத்திக்குப்பத்துக்குக் கொஞ்சம் தெற்கே முற்றம் வைத்த வீடு அவளுக்கு. அவள் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாக இருந்து, ரெத்ரேத் பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்து, அந்த வீட்டைச் சீர் பண்ணி வைத்துவிட்டுப் போனவர். அவள் பின்கட்டில் ஒரு அறையில் படுத்துக்கொண்டு மற்ற அறைகளை விருந்தினருக்கு விடுகிறாள்.

வேலை இதுதான். எந்த வீட்டில் எந்த அறை எந்த நாளுக்குக் காலி என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். ஆள் வந்து தங்குகிற நாட்கள் கலர் பட்டையாகத் திரையில் தெரியும். பட்டையைப் பிடித்து ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு இழுக்கலாம். இங்கே இழுத்தால் அங்கே மற்ற வீடுகளிலும் அது உடனே நகர வேண்டும். ஒவ்வொரு தடவையும் பக்கம் வெள்ளையாகி மறுபடியும் வந்து நிற்கக் கூடாது. இப்படிப்பட்டதை ஒவ்வொரு எழுத்தாக முதலிலிருந்து எழுத மாட்டார்களாம். யாரோ செய்து வைத்த ஒரு ஃப்ரேம்வொர்க்கை எடுத்து அதன் மேல் கட்டுவார்களாம். எதை எடுப்பது என்பதில்தான் சண்டை.

அவற்றின் பெயர்கள் என் வாயில் நிற்கவில்லை. நானாக ஒன்றைப் பெரியது என்றும் மற்றதைச் சின்னது என்றும் வைத்துக்கொண்டேன். சிநேகிதி சென்னைக் கம்பெனியில் பெரியதிலேயே வருஷக்கணக்காக வேலை செய்தவள். அது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. என் மகளுக்குச் சின்னதின் மேல் ஆசை. புதிதாக வந்தது, லேசானது, சட்டென்று திறக்கும்.

"ஒரு டீ போடறதுக்குக் கல்யாண அண்டாவ எறக்கணுமாடி?" என்பாள் என் மகள்.

"அண்டாதான். ஆனா மூடி, கரண்டி, தாங்கி எல்லாம் ஒண்ணா சேந்து வருது. உன்னுதுல மூடிய ஒரு கடையில வாங்கு, கரண்டிய இன்னொரு கடையில வாங்கு. நாளைக்கி அந்தக் கரண்டிக்காரன் கடைய மூடிட்டா?"

"வேற கரண்டி."

"வேற கரண்டிக்கு அந்த மூடி சேருமா? நீ பேசறது நேத்து பொறந்தது. இன்னும் தொட்டில்ல கெடக்குது."

"உன்னுது கைத்தடி வச்சிக்கினு வருது. கதவத் தொறந்து உள்ள வர்றதுக்குள்ள கஸ்டமர் தூங்கிடுவான்."

ஒருநாள் காபி கொடுக்கப் போனவள் சும்மா வராமல் கேட்டேன். "இன்னாடி அது, கொத்தனாரு சாரம் கட்ற மாதிரியா?"

சிநேகிதிதான் பதில் சொன்னாள். "இல்ல ஆன்ட்டி. சாரத்த வேல முடிஞ்சா பிரிச்சி எடுத்துடுவாங்க. இதப் பிரிக்க முடியாது. உள்ளயே நிக்கும்."

"அப்ப வாசல்நிலை மாதிரின்னு சொல்லு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கிட்டத்தட்ட" என்றாள் என் மகள். அவள் கிட்டத்தட்ட என்றால் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அவள் அப்பாவும் அப்படித்தான்.

அந்த வாசல்நிலை என் தலைக்குள் நின்றுவிட்டது. எங்கள் வீட்டு நிலையை அவர்தான் போய்ப் பார்த்து வாங்கினார். பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்து, நிலையை நிறுத்தி, அதற்குப் பிறகுதான் சுவர் எழும்பியது. சுவர் ஒட்டிய பிறகுதான் உயரம் குறைச்சல் என்று தெரிந்தது. கதவை மாற்றினோம், தாழ்ப்பாளை மாற்றினோம், பெயின்ட் எத்தனையோ தடவை மாற்றினோம். நிலையை மாற்ற வேண்டுமென்றால் சுவரை இடிக்க வேண்டும். உயரமான என் அண்ணன் இன்றைக்கும் குனிந்துதான் உள்ளே வருகிறான். வருகிறவர்கள் குனிந்து பழகிவிடுவார்கள், அது வேறு. ஆனால் முதலில் எடுக்கிற ஒன்று கடைசி வரைக்கும் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பெண்கள் ஏன் அப்படித் தொண்டை கட்டும்படி சண்டை போட்டார்கள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

சண்டைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது என் மகளுக்குத் தெரியாது.

சிநேகிதியின் குடும்பம் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ளது. அவள் அப்பா, சித்தப்பா, அக்கா எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். அண்ணன் பாரீசுக்கு வெளியே ஏதோ ஊரில் இருக்கிறான். டிக்கெட் எடுத்தால் போதும், இவளும் போய்விடலாம். இந்த முன்னறை வேலைக்காகத்தான் அவள் மட்டும் இங்கே தனி வீட்டில் இருந்தாள். ஒருநாள் அண்ணனோடு போனில் பேசிவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"ஆன்ட்டி, சின்னதுன்னு முடிவாயிட்டா நான் கெளம்பிடுவேன். அவகிட்ட சொல்லாதீங்க."

"கோவமா?"

"கோவமில்ல. பெரியதுல நான் கண்ண மூடிக்கினு வேல செய்வேன். சின்னதுல ஒண்ணும் தெரியாது. ஒவ்வொண்ணுக்கும் அவகிட்டப் போயி நிக்கணும். இத்தினி நாள் சமமா ஒக்காந்துட்டு, இப்ப நான் கத்துக்குட்டியா ஒக்காரணுமா?"

போகிறவர்களைக் கையைப் பிடித்து நிறுத்துகிற வழக்கம் எனக்கு இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேரை விமானத்துக்கு வழியனுப்பியிருக்கிறேன், யார் முன்னாலும் அழுததில்லை. ஆனால் அவள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அதற்கப்புறம் முன்னறையில் அவர்கள் பேசும்போது எனக்கு இரண்டு மனசு. என் மகள் ஜெயிக்க வேண்டும் என்றும் இருந்தது. அவள் ஜெயித்தால் அந்த இன்னொரு மேஜை காலியாகிவிடும் என்றும் இருந்தது.

பேசித் தீராது என்று கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒரே திரையை ஆளுக்கு ஒன்றாக, அவரவர் ஃப்ரேம்வொர்க்கில், சின்ன மாதிரியாகச் செய்வது. என் நாத்தனார் வீட்டில் போட்டுப் பார்ப்பது. அவள் எது நன்றாக இருக்கிறது என்கிறாளோ அது. ஒரு வாரம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் மாதிரி ஒருத்தி திரையை மற்றவள் பார்க்காமல் திருப்பி வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். சாப்பாட்டைக்கூட மேஜைக்கே கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. என் வீட்டில் சாப்பாடு சாப்பாட்டு மேஜையில்தான்.

போட்டுப் பார்க்கிற அன்றைக்கு நாத்தனார் என்னையும் கூப்பிட்டாள். "எனக்குத் துணைக்கு வாங்க அண்ணி. இந்தப் பொண்ணுங்க எதையாவது காட்டும், நான் தலையாட்டிட்டு முழிப்பேன்." முகப்பு மேஜையில் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் இருந்தது. திரையை நடுவில் பிரித்து இடப்பக்கம் பெரியது, வலப்பக்கம் சின்னது. இரண்டிலும் அதே அறைகள், அதே பட்டைகள். காட்டிக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். மற்ற வீடுகளில் இருக்கிறவர்கள் மாதிரி அங்கிருந்து இழுத்துப் பார்ப்பார்கள், நாத்தனாருக்கு வருகிற போனையும் அன்றைக்கு அவர்களே எடுப்பார்கள்.

காலை முழுக்க நன்றாக ஓடியது. எங்கள் வீட்டில் அவர்கள் இழுத்தால் இங்கே பட்டை தானாக நகர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆள் ஒருவர் துணி மடித்து வைப்பது போல இருந்தது. பெரியது திறக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. திறந்த பிறகு இரண்டும் ஒன்றுதான்.

"இந்தப் பக்கத்துது சட்டுனு வருது. இது யாருது?" என்று வலப்பக்கத்தைக் காட்டினாள் நாத்தனார்.

"எனக்கெப்பிடித் தெரியும்?" என்றேன். தெரியும்.

அப்புறம் மதியம் வந்தது. இந்த ஊரில் மதியம் என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே சாப்பாட்டு வேளைக்குக் கடை மூடினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். மருந்துக்கடை, பாத்திரக்கடை, ஜவுளிக்கடை எல்லாம் அப்படித்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மூடிய கதவைத் தட்டிவிட்டு முறைத்துக்கொண்டு போவார்கள். நாத்தனாரும் வாசலைத் தாழ்போட்டாள். நாங்கள் வஞ்சிரம் வறுவலோடு சாப்பிட்டுவிட்டு முற்றத்தைப் பார்த்த நடையில் பாய் விரித்துப் படுத்தோம். கம்ப்யூட்டரும் தன்பாட்டுக்குத் திரையைக் கறுப்பாக்கிக்கொண்டு தூங்கிவிட்டது.

நாலு மணிக்குக் கதவைத் திறந்தபோதே வாசலில் ஒரு புருஷன் பெண்சாதி பெட்டியோடு நின்றார்கள். பெங்களூர்க்காரர்கள். மாடி அறை கிடைக்குமா என்றார்கள். நாத்தனார் திரையைத் தட்டி எழுப்பிப் பார்த்தாள். இடப்பக்கத்திலும் காலி, வலப்பக்கத்திலும் காலி. சாவியைக் கொடுத்தாள். அவர்கள் மேலே போய்க் குளிக்கிற தண்ணீர்ச் சத்தம்கூடக் கேட்டது.

அதற்குள் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. கிழவர் ஒருவர், அவர் மகள், இரண்டு குழந்தைகள். மாடி அறைக்கு மதியமே போனில் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நாத்தனார் என் மகளுக்குப் போன் போட்டாள்.

"சொன்னாங்க அத்த. ரெண்டு மணிக்கே பட்டை போட்டாச்சே. அங்க தெரியல?"

"இன்னா தெரியல? காலின்னு காட்டுச்சி, சாவியக் குடுத்துட்டேன். உன் கம்ப்யூட்டர எடுத்துக்கினு போயி கடல்ல போடு!"

அங்கே மறுபடியும் போட்டார்களோ என்னவோ, அப்போதுதான் இரண்டு பக்கமும் மெல்லக் கண் விழித்த மாதிரி மாடி அறையில் பட்டை வந்து உட்கார்ந்தது. பிந்தி வந்த சாட்சி.

கிழவருக்கு மூச்சு வாங்கியது. நாத்தனாருக்கு வாய்தான் அப்படி, மனசு வேறு. பின்கட்டில் இருந்த தன் அறையைத் துடைத்து, புது விரிப்புப் போட்டு, குடும்பத்தை அதில் தங்க வைத்தாள். பிறகு தன் துணியை ஒரு பையில் போட்டுக்கொண்டு, வேலைக்காரப் பெண்ணிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டு, "வாங்க அண்ணி, இன்னிக்கி ராத்திரி உங்க வீட்லதான்" என்று என்னோடு கிளம்பிவிட்டாள்.

வீட்டில் இரண்டு பெண்களும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் தூங்கினால் செய்தி வருகிற இணைப்பு அறுந்துவிடுகிறது. எழுந்த உடனே "நான் தூங்கும்போது என்ன நடந்தது" என்று அது கேட்க வேண்டும். கேட்கச் சொல்லி இரண்டு பேருமே எழுதவில்லை. இந்த ஊரில் பிறந்தவர்கள். மதியம் கதவடைப்பதை ஒரு விஷயமாகவே நினைக்காதவர்கள். வெளியூர்க்காரி ஒருத்தி இந்த வேலையைச் செய்திருந்தால் "மதியத்துல கடை மூடுவீங்களா, அப்ப என்னாகும்?" என்று முதல் நாளே கேட்டிருப்பாள் என்று தோன்றியது.

"ஃப்ரேம்வொர்க் மேல தப்பு இல்ல" என்றாள் மகள்.

"ரெண்டு மேலயும் இல்ல" என்றாள் சிநேகிதி.

"அப்ப யாரு மேல?" என்று நாத்தனார் கேட்டாள்.

ராத்திரிக்கு இடியாப்பம் பிழிந்தேன். நாலு பேரும் உட்கார்ந்தோம். நாத்தனாருக்குக் கோபம் அடங்கி, பேச்சு வந்துவிட்டது. சிநேகிதியைப் பார்த்து, தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏம்மா, நீ எப்பப் போற? உங்க அண்ணன் உனக்கு ரூம்பு பாத்து வச்சிட்டானாமே. மாதா கோயில்ல பூசை முடிஞ்சி உங்க பெரியம்மா சொன்னாங்க."

என் மகளின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. சிநேகிதி என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நாத்தனார் மட்டும் ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அதான் பெரியதே வேணும்னு அப்பிடி நின்னியா? சின்னதுன்னா போயிடுவியா?" என்று கேட்டாள் மகள்.

"போயிடலாம்னு இருந்தேன்."

"சரி. அதுக்காக நான் பெரியத எடுக்க மாட்டேன். இன்னிக்கி உனக்காக எடுத்தா, நாளைக்கி அதுல எது மெதுவா வந்தாலும் உன் மூஞ்சியத்தான் பாப்பேன். அது உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

இப்படியா பேசுவாள் என்று இருந்தது. ஆனால் பொய் சொல்லவில்லை. இன்னொருத்திக்காக எடுத்த ஒரு நிலைக்கு வாழ்நாள் முழுக்க அவளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதைவிட இது மேல். எனக்கு அந்தப் பாடு தெரியும். அவர் உயிரோடு இருந்தவரை என் அண்ணன் குனியும்போதெல்லாம் நான் அவரைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு என் மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தூங்கி எழுந்தா என்ன பண்ணணும்னு பெரியதுல நீ எத்தினியோ வாட்டி எழுதியிருக்க. சின்னதுல அது கெடையாது, நாமளேதான் எழுதணும். எனக்கு எழுதத் தெரியல. இன்னிக்கி சாயங்காலம் பூராப் பாத்தேன், வரல."

என் மகள் தனக்குத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் ரத்தம் அது. எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"ஒனக்கு வரலயா?" என்றாள் சிநேகிதி.

"வரலடி. திருப்பித் திருப்பிக் கேக்காத."

சிநேகிதி இன்னொரு இடியாப்பம் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவள் ஸ்கூட்டர் சத்தம் வழக்கமான நேரத்துக்குக் கேட்டது. வந்ததும் என் மகளின் சின்னதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் காபி எடுத்துக்கொண்டு முன்னறை வாசல் வரை போனேன். அப்போதுதான் அவள் முதல் கேள்வியைக் கேட்டாள். ரொம்பச் சாதாரணமான கேள்வியாக இருக்க வேண்டும், குரல் அவ்வளவு கடினமாக இருந்தது. நான் உள்ளே போகாமல் நின்றுவிட்டேன். கேட்கிற நேரத்தில் அவள் முகத்தை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது. என் மகள் தன் திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே, உப்பு எந்த டப்பாவில் என்று சொல்கிற மாதிரி பதில் சொன்னாள். ஆடை படிந்த காபியை அடுப்படிக்குத் திருப்பி எடுத்துப் போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. தினமும் சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தபடியே தூங்க விட்டுவிட்டு, இரண்டு பெண்களும் முன்னறைத் தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார்கள். அதுதான் சோதனையாம். நாத்தனாரிடம் சொல்லி வைத்திருந்தார்கள், அவள் தன் போனிலிருந்து நடுவில் ஒரு பட்டையைப் போடுவாள். நாலு மணிக்கு எழுந்து, கண்ணைக்கூடத் துடைக்காமல் திரையைத் தட்டிப் பார்ப்பார்கள். முதல் நாள் வரவில்லை. அடுத்த நாள் ஒரே பட்டை இரண்டாக வந்தது. சிநேகிதி தலைமுடியை முடிந்துகொண்டு மறுபடியும் எழுத உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரியாததை என் மகளிடம் கேட்டாள், என் மகளுக்குத் தெரியாததை அவளே எழுதினாள். கேள்வி கேட்கிற குரல் நாளாக ஆக இளகியது. ஒருநாள் கேட்டுக்கொண்டே வடையை மென்றாள்.

இப்போது அந்தச் சின்னதையே பழசு என்கிறார்கள். அதைவிடச் சின்னது ஒன்று வந்திருக்கிறதாம். இந்தத் தடவை அது வேண்டும் என்பவள் சிநேகிதி, வேண்டாம் என்பவள் என் மகள். நான் அடுப்பைத் தணித்துவிட்டு நிற்கிறேன்.

திரை சரியாக வந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். நாலு மணிக்குத் தட்டி எழுப்பினார்கள். திரை ஒரு கணம் வெளிறி, என்ன நடந்தது என்று யாரையோ கேட்டு வந்தது போல நின்று, மாடி அறையில் பச்சைப் பட்டை அமைதியாக வந்து உட்கார்ந்தது. ஒன்றே ஒன்று. அந்த நேரம் பார்த்துச் சிநேகிதியின் போன் அடித்தது. அண்ணன். அங்கே அது சாப்பாட்டு நேரம்.

"இல்லண்ணா, இப்ப முடியாது" என்றாள். "இப்பத்தான் கதவு தொறந்தோம்."